வந்த குடியும் நாட்டுப் பண்பாடும்

'குடி' என்னும் சொல்லை வகுப்பில் விளக்காத தமிழாசிரியர் இருக்க மாட்டார். வீடு, குடும்பம், குலம், ஊர், ஆட்சிக்கு உட்பட்ட மக்கள் என்று அதன் பொருள் விரிந்து செல்லும். குடியிருப்பு, குடிபெயர்தல், குடியேற்றம், குடிமகன், குடியுரிமை ஆகிய யாவும் அவ்வொரு வேரினின்று கிளைத்தவையே. பிற நாடு சென்று தங்குவதைக் குடியேற்றம் என்கிறோம். தங்கிய நாட்டில் உரிமை பெறுவதைக் குடியுரிமை என்கிறோம். சொல்லளவில் இவை அடுத்தடுத்த வீடுகள். ஆனால் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போக மூன்று தலைமுறையும் போதாமற் போகலாம் என்பதைப் பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்கள் காட்டுகின்றன.

வேற்று நாட்டார் பெருந்தொகையாக வந்து தங்கினால் ஒரு நாட்டின் பண்பாடு என்னாகும்? வந்தவர் தம் மொழியையும் வழிபாட்டையும் விட்டு அந்நாட்டாரைப் போலவே ஆகிவிட வேண்டுமா? ஐரோப்பிய நாடுகளில் இன்று தேர்தல்தோறும் எழும் வினாக்கள் இவை. மலேசியத் தமிழர்க்கு இவை புதியன அல்ல. அங்கே பலர் பிறரைப் பற்றி எழுப்பும் வினாவை இங்கே நம் பாட்டனாரைப் பற்றிப் பிறர் எழுப்பினர். இவ்வினாவை ஆராய்வோர் பெரும்பாலும் அதனை ஒரே வினாவாகக் கொள்வர். அஃது ஒன்றன்று, இரண்டு. குடிமகன் யார் என்பது ஒன்று; நாட்டுப் பண்பாடு எது என்பது மற்றொன்று. முன்னதற்குப் பதிவகத்தில் விடை கிடைக்கும். பின்னதற்கு எந்த அலுவலகத்திலும் விடை கிடைக்காது. இரண்டையும் கலந்து பேசும்போதெல்லாம் இடர்ப்பட்டவன் கையில் தாள் இல்லாதவனே. இதனை ஒரு வட்டாரத்தைக் கொண்டு காண்போம்.

ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் செல்லும் பழைய பெருஞ்சாலையில், தாப்பாவையும் பீடோரையும் கடந்ததும் வருவது சுங்காய். பெயரைக் கேட்டு ஏதோ ஒரு காய் என்று எண்ணிவிடலாகாது. மலாய் மொழியில் சுங்காய் என்பது ஒருவகை மரம். கிழக்கே நடுமலைத் தொடர். அம்மலைப் பக்கங்களில் செமாய்ப் பழங்குடியினரின் ஊர்கள். சமவெளியில் மலாய்க் கம்பங்களும், சீனர் கடைத்தெருவும், ஒரு காலத்துக் கித்தாத் தோட்டங்களும். அத்தோட்டங்களிற் பெரும்பகுதி இன்று செம்பனையாகிவிட்டது. யார் முந்தி வந்தார் என்பதே உரிமைக்கு அளவுகோலாயின், இங்கே முதல் இடம் செமாய் மக்களுக்கே உரியது. முன்பின் பேசும் வாதங்களில் அவர்களை நினைப்பார் அரியர்.

தமிழர் இங்கு வந்த வரலாற்றை விரிக்க வேண்டுவதில்லை. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே வலுப்பெற்றது. 1907 ஆம் ஆண்டில் அமைந்த குடியேற்றக் குழு, தோட்ட முதலாளிகளிடம் வரி திரட்டி ஒரு நிதி அமைத்தது. கப்பற் செலவு அந்நிதியிலிருந்து சென்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. அங்கிருந்து கப்பலேறி, பினாங்கு நீரிணையில் உள்ள செரசாக் தீவில் தனித்து வைக்கப்பெற்று, பின் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். 1938 ஆம் ஆண்டில் இந்திய அரசு இதனைத் தடை செய்தது. இங்கே நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அழைத்தவர் எவரும் இவர்கள் குடியேறுவர் என்று கருதவில்லை. பால் மரம் வெட்டி, சில ஆண்டுகளில் ஊர் திரும்புவர் என்பதே கணக்கு. 1930 ஆம் ஆண்டையொட்டிக் கித்தா விலை சரிந்தபோது இலட்சத்துக்கு மேற்பட்டோர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறினால் அழைப்பு, இறங்கினால் கப்பல். வந்தவர்களும் அவ்வாறே எண்ணினர். லயத்து வீட்டில் தகரப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்து, ஊரில் வாங்கப்போகும் நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இங்கு பிள்ளைகளைப் பெற்றனர்.

கணக்கைக் குலைத்தவர்கள் அப்பிள்ளைகளே. 1931 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மலாயா இந்தியருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே இம்மண்ணிற் பிறந்தவர். 1947 இல் அது பாதியளவாயிற்று. 1957 இல் மூன்றில் இரு பங்கை நெருங்கியது. இடையில் போர் வந்தது. 1942 சனவரி 7 ஆம் நாள் சுங்காய்க்குத் தெற்கே துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை நடந்த சண்டையில் பிரித்தானியப் படை உடைந்தது. தோட்டங்களை விட்டுத் துரைமார் போயினர், தொழிலாளர் இருந்தனர். அவருள் பல்லாயிரவரைச் சப்பானியர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு சென்றனர். திரும்பாதவர் தொகை பெரிது. திரும்பியவர் எங்கே திரும்பினர் என்பதைக் கருதுக. தஞ்சைக்கும் சேலத்துக்கும் அல்லர், இதே தோட்டங்களுக்குத்தான்.

போருக்குப் பின்னரே குடியுரிமை என்னும் சொல் தோட்டப்புறத்தில் முதன்முதற் கேட்டது. 1946 ஏப்பிரல் முதல் நாள் அமைந்த மலாயா ஒன்றியம், இங்குப் பிறந்தோர்க்கும் நெடுநாள் வாழ்ந்தோர்க்கும் தாராளமாகக் குடியுரிமை தர முன்வந்தது. மலாய் மக்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். சுல்தான்களின் ஆட்சியுரிமையைப் பறித்து, தம் நாட்டிலேயே தம்மைச் சிறுபான்மையராக்கும் திட்டம் என்று அவர்கள் அஞ்சியதில் பொருள் இல்லாமல் இல்லை. அன்று மலாயாவையும் சிங்கப்பூரையும் சேர்த்து எண்ணினால் மலாய்க்காரர் பாதிக்கும் குறைவு. இவ்வச்சத்தை வெறும் பொறாமை என்று எழுதும் நம்மவர் சிலரோடு எனக்கு உடன்பாடில்லை. 1948 பிப்ரவரியில் ஒன்றியம் போய் மலாயாக் கூட்டரசு வந்தது. குடியுரிமை விதிகள் இறுகின. அதே ஆண்டு சூனில் இம்மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்தது. அடையாள அட்டையும் அதனோடு பிறந்தது.

1957 ஆகத்து 31 இல் விடுதலை. அன்றும் அதற்குப் பின்னும் இந்நாட்டிற் பிறப்போர் யாவரும் தாமாகவே குடிமக்கள் என்று அரசியலமைப்பு வகுத்தது. (1962 இல் அதுவும் திருத்தப்பெற்று, பெற்றோருள் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்பது விதியாயிற்று.) விடுதலைக்கு முன் பிறந்தவரும் பிற நாட்டிற் பிறந்து இங்கு வாழ்ந்தவரும் விண்ணப்பித்துப் பதிதல் வேண்டும். இங்குப் பிறந்தவராயின் கடந்த ஏழாண்டில் ஐந்தாண்டும், பிறவிடத்தாராயின் பன்னிரண்டாண்டில் எட்டாண்டும் வாழ்ந்திருத்தல் வேண்டும், நல்லொழுக்கம் வேண்டும், இங்கேயே நிலைத்திருக்கும் எண்ணம் வேண்டும், எளிய மலாய் மொழியறிவு வேண்டும். முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கும் உள்நாட்டுப் பிறப்பினர்க்கும், நாற்பத்தைந்து வயதைக் கடந்த பிறருக்கும் மொழித் தேர்விலிருந்து விலக்கு இருந்தது.

பண்பாட்டைப் பற்றி இவ்விதிகளில் ஒரு சொல்லும் இல்லை என்பதை ஆசிரியர்கள் கவனித்தல் வேண்டும். எந்தக் கடவுளை வழிபடுகிறாய், வீட்டில் எம்மொழி பேசுகிறாய், மகளுக்கு எந்த முறைப்படி மணம் முடிப்பாய் என்று எவரும் கேட்கவில்லை. மலாய் தேசிய மொழி என்று கூறும் 152 ஆம் பிரிவே, அலுவல் சாராத வகையில் பிற மொழிகளைப் பேசவும் கற்பிக்கவும் கற்கவும் தடை இல்லை என்றும் கூறுகிறது. குடியுரிமைக்கும் பண்பாட்டுக்கும் இடையே அன்று இருந்த ஒரே பாலம் அந்த எளிய மலாய் அறிவுதான். அதுவும் பொருந்தாத கோரிக்கை அன்று. ஒரு நாட்டில் வாழ்வோர் அந்நாட்டு மொழியிற் பேசத் தெரிந்திருக்க வேண்டாவா?

ஆயினும் தோட்டத்தார் பலர் பதியவில்லை. பிறப்பைக் காட்டும் பத்திரம் இல்லை. பதிவகம் நகரத்தில்; ஒரு நாள் வேலை போனால் ஒரு நாட் கூலி போயிற்று. இந்தியக் குடியுரிமை தானாகவே இருக்கும் என்று நம்பியவர் சிலர். சிவப்பு அடையாளக் கார்டு நிரந்தரவாசிக்கு, நீலம் குடிமகனுக்கு என்று பின்னாளில் வகுத்தபோது, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நிறம் மட்டுமே என்று கருதியவரும் உண்டு. சிவப்பு வைத்திருந்தாலும் பிரட்டில் பெயர் கூப்பிட்டார்கள், பால் நிறுத்தார்கள், சம்பளம் வந்தது. வேறு என்ன வேண்டும்?

விடை 1969 இல் வந்தது. 1968 ஆம் ஆண்டில் இயற்றிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்கள் அல்லாதார் பர்மிட் இல்லாமல் வேலை செய்தலாகாது என்றது. முப்பதாண்டு அதே மரத்தை வெட்டியவன், அம்மரத்தை வெட்டத் தகுதி உண்டா என்று விண்ணப்பிக்க நேர்ந்தது. பல்லாயிரவர் தமிழகத்துக்குக் கப்பலேறினர். சில வீடுகளில் தந்தை சிவப்பு, தாய் நீலம். சிலவற்றில் மாறி இருந்தது. இங்கு 1957 க்குப் பின் பிறந்து சட்டப்படி குடிமக்களாயிருந்த சிறுவர்களும் பெற்றோருடன் சென்றனர். அவர்கள் கண்டிராத ஊருக்குத் 'திரும்பினர்' என்று எழுதுவது மொழிக்கே பிழை.

இலங்கையோடு ஒப்பிட்டால் மலாயாவின் வழி மென்மையானதே. அங்கே 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெருந்தொகையாக நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாத்திரியும் செய்த உடன்பாடு 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்வதற்கு என்று பங்கிட்டது. தேயிலைத் தோட்டத்தாரைத் தேயிலைப் பெட்டிகளைப் போல் எண்ணிப் பிரித்தார்கள். இங்கே அவ்வாறு ஒட்டுமொத்தமாக எவரையும் தள்ளவில்லை. கதவு இருந்தது, திறந்தும் இருந்தது, வாயிலில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாதவர் வெளியில் நின்றனர்.

இனிப் பண்பாட்டு வினாவுக்கு வருவோம். அரசியலமைப்பின் 160 ஆம் பிரிவு 'மலாய்க்காரர்' என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுகிறது. இசுலாத்தைத் தழுவி, மலாய் மொழியை வழக்கமாகப் பேசி, மலாய் வழக்காறுகளைக் கைக்கொள்பவர் என்பதே அதன் சாரம். விடுதலைக்கு முன் இங்குப் பிறந்தவராகவோ, விடுதலை நாளில் இங்கு நிலையாக வாழ்ந்தவராகவோ, அவர் வழித்தோன்றலாகவோ இருத்தல் வேண்டும் என்ற வரம்பும் உண்டு. எந்த இரத்தம், எந்தத் தீவு என்று அது கேட்பதில்லை. சென்ற இரு நூற்றாண்டுகளில் சுமத்திராவிலிருந்து ராவா, மண்டைலிங் மக்களும், சாவாத் தீவினரும், பஞ்சார் மக்களும் பேராக்கில் வந்து குடியேறினர். தமிழரை ஏற்றிய கப்பல்கள் ஓடிய அதே ஆண்டுகளிலும் அவர்கள் வந்தனர். சமயமும் மொழியும் ஒத்திருந்தமையால் ஓரிரு தலைமுறையில் மலாய்க்காரராயினர். இதனைக் குறையாகக் கூறவில்லை. மனித வரலாற்றில் இனங்கள் இப்படித்தான் உருவாயின. 'வந்தேறி' என்று பொருள்படும் 'பெண்டாத்தாங்' என்னும் சொல், கடல் கடந்து வந்தமையைக் குறிப்பதுபோல் ஒலித்தாலும், உண்மையில் கலந்துவிடாமையையே குறிக்கிறது என்பதுதான் இதனால் பெறப்படும்.

1969 மே 13 கலவரத்துக்குப் பின், 1971 ஆகத்து 16 முதல் 20 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்தது. தேசியப் பண்பாடு இவ்வட்டார மக்களின் மூலப் பண்பாட்டை அடிப்படையாகக் கொள்ளும். பிற பண்பாடுகளிலிருந்து பொருத்தமான கூறுகளை ஏற்கும். இசுலாம் அதில் இன்றியமையாத கூறு என்னும் மூன்று கொள்கைகள் அங்கே உருவாயின. சீனர் அமைப்புகள் 1983 இல் இதனை மறுத்து அறிக்கை அளித்தன. இரண்டாம் கொள்கையில்தான் சிக்கல் உள்ளது. பொருத்தமானது எது என்று யார் முடிவு செய்வது? தைப்பூசம் பேராக்கில் பொது விடுமுறை. ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடிகள் செல்லும்போது சாலையை ஒழுங்கு செய்யும் காவலர் பலர் மலாய்க்காரர். இது தேசியப் பண்பாடா, அன்றா? மாநாட்டைக் கேட்டால் ஒரு விடை வரும். அன்று சாலையில் நிற்பவரைக் கேட்டால் அவர் இவ்வினாவையே வியப்பார்.

நம்மவர் இதற்கு மறுமொழியாகக் கடாரத்தை எடுப்பது வழக்கம். இராசேந்திர சோழன் 1025 ஆம் ஆண்டையொட்டிப் படையெடுத்தான், ஆகவே இம்மண் நமக்கும் பழையது என்பர். மேடையில் கைதட்டு விழும். ஆனால் சுங்காய்த் தோட்டத்துக் கூலியாளின் உரிமைக்கு ஒரு பேரரசனின் படையெடுப்பு எவ்வாறு சான்றாகும்? படையெடுத்து வந்தவன் வழி வந்தோம் என்பது, கூடி வாழ விரும்புவோன் சொல்லும் சொல்லன்று. பட்டினப்பாலை புகார் நகரத்தில் பல மொழி பேசும் வேற்று நாட்டார் கலந்து இனிது வாழ்ந்ததைப் பாடுகிறது. அதனைச் சொல்லலாம், ஆனால் அங்கே வந்தவர் வணிகர். பொருளோடு வருபவனை எந்த நாடும் வரவேற்கும். கையை மட்டும் கொண்டு வந்தவனைப் பற்றியதே நம் வழக்கு.

அதற்கு நல்ல சான்று மொழியில் இருக்கிறது. கடாரத்தைவிட அருகில் இருக்கிறது. மலாய் மொழியில் கப்பல், கடை, கட்டில், பெட்டி, குளம், கறி ஆகிய தமிழ்ச் சொற்கள் காபால், கெடாய், காத்தில், பெத்தி, கோலாம், காரி என வழங்குகின்றன. தொழிலுக்கு இடும் 'முதல்' அங்கே 'மோடால்'. இவை பழைய வணிகத்தின் வழி வந்தவை. தோட்டத்து வழி வந்தவை எதிர்ப்பக்கம் சென்றன. 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல் நம்மவர் வாயில் 'கித்தா' ஆயிற்று, 'கம்போங்' கம்பமாயிற்று. மாணவன் கட்டுரையில் 'கித்தா மரம்' என்று எழுதினால் அடித்து 'இரப்பர் மரம்' என்று திருத்தும் ஆசிரியர்களை அறிவேன். இரப்பர் எந்தக் காலத்தில் செந்தமிழாயிற்று? கித்தா என்பது அம்மரத்தோடு உயிர் கரைத்தவர் இந்நாட்டிலிருந்து பெற்றுக்கொண்ட சொல். குடியேறியவன் குடிமகனாகிக் கொண்டிருந்ததைப் பதிவகத்துக்கு முன்பே பதிவு செய்த சொல் அது.

மலாக்காச் செட்டிகளையும் இங்கே நினைக்கலாம். அவர்கள் பேசுவது மலாய், உடையும் உணவும் பெரிதும் மலாய், வழிபாடு சைவம். 1781 இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. மொழி போனால் எல்லாம் போயிற்று என்பாரும், மொழியை விட்டால்தான் ஒட்டுவர் என்பாரும் அவர்களைப் பார்த்தல் நலம்.

பள்ளியைச் சொல்லாமல் இவ்வாராய்ச்சி நிறைவுறாது. 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்தோ அதற்கு மேற்பட்டோ பள்ளி வயதுச் சிறுவர் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கொட்டகையில், தமிழகத்துப் பாட நூல்களோடு, ஊர் திரும்பப்போகும் பிள்ளைகளுக்கு நடந்த பள்ளி அது. 1951 இல் பான்சு அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளை நீக்கி மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் ஒரே வகைப் பள்ளியைக் கோரியது. 1956 இல் ரசாக் அறிக்கை வேறு வழி கண்டது: மொழி பலவாகட்டும், பாடத்திட்டம் ஒன்றாகட்டும், மலாய் எல்லாப் பள்ளியிலும் கட்டாயமாகட்டும் என்றது. இதன் பயன் எண்ணத்தக்கது. தந்தைக்கும் குடியுரிமைக்கும் நடுவே நின்ற அந்த எளிய மலாயை மகன் தமிழ்ப்பள்ளியில் கற்றான். காவிரியைப் படித்த வகுப்பில் பேராக் ஆற்றைப் படித்தான். தமிழ்ப்பள்ளி பிரித்து வைக்கும் பள்ளி என்று பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். 1957 இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேல் உள்ளன. தோட்டங்கள் கைமாறிச் செம்பனையாகவும் வீட்டு மனைகளாகவும் ஆனபோது மக்கள் நகரங்களுக்குப் போயினர். பள்ளிகள் பல மாணவரின்றி நின்றன.

அவர்கள் விட்டுச் சென்ற வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் வந்தனர். அவர்களுக்குத் தரும் தற்காலிக வேலை அனுமதி, குடும்பத்தை அழைத்துவரவோ இங்கு மணம் செய்துகொள்ளவோ இடம் தருவதில்லை. சென்ற நூற்றாண்டில் கணக்கைக் குலைத்தவர்கள் பிள்ளைகள் என்று கண்டோம். அவ்வாறு மீண்டும் நேராதிருக்கச் சட்டம் முன்கூட்டியே வேலியிட்டுள்ளது. அவர்களால் நாட்டுப் பண்பாடு கெடுகிறது என்று நம் கடைத்தெருக்களிலேயே பேச்சு நடக்கிறது. அப்பேச்சில் வரும் சொற்கள் நமக்குப் பழக்கமானவை.

பழைய வினாவும் தீர்ந்துவிடவில்லை. 2018 இல் அரசு, அறுபது வயது கடந்த சிவப்புக் கார்டு இந்தியர் 3,407 பேர்க்குத் தகுதி நோக்கிக் குடியுரிமை தருவதாக அறிவித்தது. விடுதலை பெற்று அறுபதாண்டு கடந்தும் அத்தனை முதியோர் எஞ்சியிருந்தனர். இளையோர் நிலை வேறு வகையானது. 1976 இல் இயற்றப்பெற்று 1982 மார்ச்சு முதல் செயற்படும் திருமணச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. கோயிலிலே தாலி கட்டி, ஊரறியச் சாப்பாடு போட்டு, பதியாமல் விட்ட மணத்திற் பிறந்த பிள்ளை, சட்டத்தின் கண்ணில் மணத்திற்குப் புறம்பான பிள்ளை. அப்பிள்ளைக்குத் தந்தை நீலக் கார்டு வைத்திருந்தும் பயனில்லை. தாயின் நிலையே பிள்ளையின் நிலை. தாய் சிவப்புக் கார்டினளாயினும் இங்குப் பிறந்த பிள்ளை குடியுரிமை பெற 1962 ஆம் ஆண்டு விதி இடம் தந்தது. தாயிடம் ஒரு தாளும் இல்லையெனில் பிள்ளைக்கும் இல்லை. 2024 இல் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தம், வெளிநாட்டிற் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்க்கு நெடுநாள் மறுக்கப்பட்ட உரிமையை வழங்கியது. அதே திருத்தம் நிரந்தரவாசியின் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்த குடியுரிமையை நீக்கியது. அது செயற்படும் நாள் முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தாயின் சிவப்புக் கார்டு போதாது.

இதனை முதலிற் காண்பவர் பெரும்பாலும் ஆசிரியர்தாம். முதலாம் ஆண்டுக்குப் பதிய வரும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில், குடியுரிமை நிலை எழுதும் இடத்தில் 'குடிமகன் அல்லர்' என்றிருக்கும். அல்லது தந்தை பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாய் இருக்கும். பெற்றோர் மணத்தைப் பதிந்தனரா என்று அன்றே வினவுதல் வேண்டும். பதியவில்லையெனில் பதியச் சொல்ல வேண்டும். இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அது போதும். பிறந்துவிட்ட பிள்ளைக்கு அரசியலமைப்பின் 15அ பிரிவின்படி விண்ணப்பிக்கலாம். சிறப்புக் காரணம் கருதி இளவயதினரைக் குடிமக்களாகப் பதிய அப்பிரிவு அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. விடை வர ஆண்டுகள் ஆகும். முதல் விண்ணப்பம் தள்ளப்பட்டால் மீண்டும் இடலாம். பிள்ளை பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்க வேண்டிய நாளுக்கு முன்பே தொடங்குவது நல்லது.